வலிப்பைப் படம் பிடித்த சக்கரபாணி

சக்கரபாணிக்கு நடுங்காத கை. பெற்ற மகள் தரையில் விழுந்து துடிக்கும்போது போனை நேராகப் பிடித்து, முகமும் இரண்டு கைகளும் தெரிகிற மாதிரி படம் எடுக்கிற தகப்பன் எத்தனை பேர் இருப்பார்கள்? நான் பார்த்தது இவர் ஒருவரைத்தான்.

நான் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். அதன் பிறகு வீட்டு நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளத் தனியாகப் பயிற்சி எடுத்து, இன்றும் சில வீடுகளுக்குப் போய் வருகிறேன். சக்கரபாணியின் வீடு திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசைத் தாண்டிப் புதிதாக வந்த மனைகளில் இருக்கிறது. மனைவி தமிழ்செல்விக்கு அந்த ஆபீஸ் வளாகத்திலேயே தட்டச்சு வேலை. மகள் எழிலுக்குப் பதினாறு வயது. ஏழு வயதிலிருந்து வலிப்பு. செவ்வாயும் வெள்ளியும் காலையில் நான் போவேன். அந்த நேரத்தில்தான் சக்கரபாணி வெளி வேலைக்குப் போக முடியும். மற்ற நாட்களில் அவர்தான் காவல். கீழ்பென்னாத்தூரில் சொந்தமாக வேன் ஓட்டிக்கொண்டிருந்தவர், அதை வாடகைக்கு விட்டுவிட்டு வீட்டோடு உட்கார்ந்துவிட்டார்.

வலிப்பு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று நான்தான் அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன். பிடித்து அழுத்தாதே, ஒருக்களித்துப் படுக்க வை, வாயில் எதையும் திணிக்காதே, மணியைப் பார். அதன் பிறகு படம் எடு, எடுக்கும்போதே கூப்பிட்டுப் பேசு, நினைவு இருக்கிறதா என்று தெரியும். அவர் ஒரே தடவையில் பிடித்துக்கொண்டார். சொந்தக்காரர்கள்தான் பிடித்துக்கொள்ளவில்லை.

"கொழந்தை துடிக்குது, இவன் நின்னு சினிமா எடுக்கிறான்" என்று ஒரு கல்யாண மண்டபத்தில் அவர் அண்ணன் இராமலிங்கம் எல்லார் முன்னாலும் கத்தினார். கத்திக்கொண்டே தன் சாவிக்கொத்தை எழிலின் கையில் திணித்தார். இரும்பைப் பிடித்தால் வலிப்பு நிற்கும் என்பது அவர் கட்சி. சக்கரபாணி ஒரு கையால் சாவியைப் பிடுங்கித் தூரப் போட்டார். இன்னொரு கையில் போன் ஆடவில்லை. அண்ணன் அப்புறம் ஒரு மாதம் பேசவில்லை.

இதெல்லாம் நல்ல விஷயம். எரிச்சல் வருகிற விஷயத்துக்கு வருகிறேன்.

எடுத்த படங்களையெல்லாம் அவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைப்பார். ஏதோ ஆபீசில் கழித்துப் போட்ட பழைய பெட்டி. ஏற்றியதும் போனிலிருந்து அழித்துவிடுவார், இடம் போதாது என்று. அந்தப் பழைய போன்களும் ஒவ்வொன்றாகப் புதுப் போனுக்கு மாற்றாகக் கடைக்குப் போய்விட்டன. கம்ப்யூட்டரில் வருடத்துக்கு ஒரு ஃபோல்டர், உள்ளே ஒவ்வொரு படத்துக்கும் தேதி. ஒழுங்கான மனிதர்.

"எல்லாத்துக்கும் ரெண்டு காப்பி இருக்குது சிஸ்டர். ஒண்ணு சி டிரைவ்ல, இன்னொண்ணு டி டிரைவ்ல. ஒண்ணு போனாலும் ஒண்ணு இருக்கும்" என்று பெருமையாகக் காட்டினார்.

"ரெண்டும் ஒரே பொட்டிக்குள்ளதானே இருக்குது?"

"பொட்டி ஒண்ணுதான். டிரைவ் வேற வேற."

எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. தெரியாத விஷயத்தில் அதற்கு மேல் பேசுவதில்லை. நெட்டில் ஏற்றி வைக்கலாமே என்று மட்டும் கேட்டேன், யாரோ சொல்லக் கேட்டது. அவர் முகம் மாறிவிட்டது.

"பொண்ணு துணி விலகிக் கெடக்கும். சில சமயம் ஒண்ணுக்கு போயிருக்கும். அதை ஊரு பேரு தெரியாத எடத்துல ஏத்தச் சொல்றீங்களா?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. விட்டுவிட்டேன்.

இந்த வருடம் சென்னை ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. மருந்துகள் ஒன்றும் சரியாகக் கேட்காததால், மூளையில் ஆபரேஷன் செய்யலாமா என்று நாலைந்து டாக்டர்கள் சேர்ந்து உட்கார்ந்து பார்ப்பார்கள். ஸ்கேனில் எந்தப் பக்கம் என்று தெளிவாக இல்லை. இப்போது வருகிற வலிப்பு எடுத்த எடுப்பிலேயே உடம்பு முழுக்கப் பரவிவிடுவதால் அதைப் பார்த்தும் சொல்ல முடியவில்லை. ஆரம்பத்தில் வந்த வலிப்புகள் ஒரு பக்கத்திலிருந்துதான் மெதுவாகக் கிளம்பும். "பழைய வீடியோ எல்லாத்தையும் கொண்டு வாங்க, அது ரொம்ப முக்கியம்" என்றார்கள். மூன்று வாரம் தவணை. இதைத் தவறவிட்டால் அடுத்து எப்போது என்று அவர்களுக்கே தெரியாது.

அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சென்னைக்குப் போக முடியாது. வெளியே வைத்துக்கொள்ளும் ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்க வேண்டும். கடைக்குப் போனால் அரை மணியில் முடிகிற வேலை. அந்த வீட்டில் முடியவில்லை.

முதல் செவ்வாய்க்கிழமை நான் போனதும், "கிளம்புங்க, நான் பார்த்துக்கறேன்" என்றேன்.

"இன்னிக்கு செவ்வாய் சிஸ்டர். புதுப் பொருள் வீட்டுக்குள்ள கொண்டாரக் கூடாதுனு அண்ணன் சொல்லும். வெலை மட்டும் விசாரிச்சிட்டு வரேன்."

போனார், வந்தார். ஒரு கடையில் ஒரு டெரா அளவு இடம் போதும் என்றார்களாம், இன்னொன்றில் இரண்டு டெரா வாங்கு என்றார்களாம். ஒருத்தர் தட்டு சுற்றுகிற மாடல் போதும் என்றாராம், இன்னொருத்தர் அது பழசு, சுற்றாத மாடல்தான் இப்போ எல்லாரும் வாங்குகிறார்கள் என்றாராம். தலை சுற்றியதுதான் மிச்சம் என்று டீ போடப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை வந்தது. "இன்னிக்கு?" என்றேன்.

"வெள்ளிக்கிழமை காசு வெளிய போகக் கூடாது. லட்சுமி."

"மளிகைக் கடைக்குப் போனா போகலாமா?"

"அது தின்றது சிஸ்டர்."

மறுநாள் சனி. தமிழ்செல்விக்கு லீவு, அவர் தாராளமாகப் போகலாம். நானே போன் போட்டுக் கேட்டேன், வாங்கியாச்சா என்று. தமிழ்செல்விதான் எடுத்தாள்.

"எங்க வாங்கறது? சனிக்கிழமை இரும்பு வாங்கக் கூடாதாம். ஹார்ட் டிஸ்க்கு இரும்பா இல்லியானு காலைலருந்து அண்ணனும் தம்பியும் போன்ல பட்டிமன்றம் நடத்தறாங்க. நீங்களே கேளுங்க" என்று தன் போனைக் கணவர் பக்கம் நீட்டினாள். அவர் போன் ஸ்பீக்கரில் இராமலிங்கத்தின் குரல் எனக்கே கேட்டது.

"டேய் சக்ரா, கடையில தூக்கிப் பாரு. கனமா இருந்தா இரும்பு."

"ண்ணா, மேல அலுமினியம்தான்னு கடைக்காரன் சொல்றான்."

"உள்ள? உள்ள தட்டு சுத்துதுனு நீதானே சொன்ன? ஸ்குரூ இருக்குமில்ல, அது இன்னா தங்கமா?"

"அப்ப சுத்தாத மாடல் வாங்கட்டுமா? அதுல சிப்பு மட்டும்தான்."

"வெலை ஜாஸ்தினு சொன்னியே. ஒரு நாளு பொறுத்து இரும்பையே வாங்குடா."

மறுநாள் ஞாயிறு. கடை கிடையாது. திங்கள், புதன், வியாழன் எழிலைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது. வாரம் சுற்றிக்கொண்டு மறுபடி செவ்வாயில் வந்து நின்றது. நான் கத்திவிட்டேன்.

"ஏம்பா, சாவியைப் பிடுங்கிப் போடத் தெரிஞ்சுது இல்ல? இதுல மட்டும் என்ன அண்ணன் அண்ணன்னு?"

அவர் எழிலின் மாத்திரைகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். தலை நிமிராமல் சொன்னார்: "மொத மொத புள்ளை விழுந்தப்ப தோள்ல போட்டுக்கிணு ஆஸ்பத்திரிக்கு ஓடினது அண்ணன்தான் சிஸ்டர். நான் வேன்ல சவாரி போயிட்டேன். இன்னிக்கும் நிலத்தைப் பார்த்துக்கிணு நெல்லும் மல்லாட்டையும் அனுப்புது. ஒரு விஷயத்துல மீறிட்டேன், அது இன்னும் அதை மறக்கலை. எல்லாத்துலயும் மீற முடியுமா?"

எனக்கு எரிச்சல் குறையவில்லை. நான் புதன்கிழமையும் வருகிறேன் என்று சொன்னேன். அந்தப் புதன் பௌர்ணமியாகப் போய்விட்டது. கிரிவலக் கூட்டத்துக்குக் காலையிலிருந்தே வண்டிகளை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். என் பக்கத்துத் தெருவிலிருந்து ஆட்டோ கிளம்பவே இல்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் இடியோடு மழை. மின்சாரம் போய், வந்து, மறுபடி போய் வந்தது. அதற்குப் பிறகு கம்ப்யூட்டரில் ஒரு கறுப்புத் திரையும் நாலு வரி இங்கிலீஷும்தான்.

வெள்ளிக்கிழமை நான் போனபோது தமிழ்செல்வி லீவு போட்டுவிட்டு எழில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். சக்கரபாணி பெட்டியை அணைத்து அணைத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"என் படமெல்லாம் போச்சா சிஸ்டரம்மா?" என்றாள் எழில். "நல்லதாப் போச்சு. நான் விழறதைச் சேர்த்து வெக்கிற ஒரே ஆளு இவருதான். வேற வீட்டுலல்லாம் பொறந்த நாள் போட்டோ இருக்கும்."

"வாயை மூடுடி" என்றாள் தமிழ்செல்வி.

"சொல்லட்டும் விடு" என்றார் சக்கரபாணி.

நான் ஆட்டோவை வரச் சொன்னேன். பெட்டியை ஒரு போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு அவரும் நானும் ஏறினோம். செங்கம் ரோட்டில், ஆசிரமம் தாண்டி, அறிவுமதி என்ற பெண் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறாள். வெளிநாட்டுக்காரர்களின் லேப்டாப்தான் அங்கே ஜாஸ்தி. ஆண்கள் வைத்திருக்கும் கடையில் மகளின் படங்களைக் கொடுக்க மாட்டேன் என்று சக்கரபாணி சொன்னதால்தான் அவ்வளவு தூரம்.

அறிவுமதி பெட்டியைத் திறந்து, உள்ளங்கை அகலத்தில் ஒரு சாமானைக் கழற்றி மேஜையில் வைத்தாள்.

"இதுதாங்க உங்க டிஸ்க்கு."

"இது சி டிரைவா, டி டிரைவா?" என்றார் சக்கரபாணி.

"ரெண்டும் இதுதான். ஒரே டிஸ்க்கைத்தான் ரெண்டா பிரிச்சி சி, டினு பேரு வெச்சிருக்காங்க. ஒரே ரூமை நடுவுல பலகை வெச்சித் தடுக்கற மாதிரி."

அவர் மறுபடி பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். உள்ளே இன்னொன்று இருக்கும் என்று நினைத்தார் போல. பிறகு அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். இத்தனை வருடம் ஒவ்வொரு படத்தையும் இரண்டு தடவை காப்பி எடுத்த மனிதர்.

அவள் அந்த டிஸ்க்கை வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். "முழுசா போகலை. சில இடம் படிக்க மாட்டேங்குது. தேடி எடுத்துப் பார்க்கலாம், ஆனா ஃபோல்டர் பேரு, தேதி எல்லாம் வராது. படம் மட்டும் வரும். அதுவும் எது வரும்னு சொல்ல முடியாது. எடுத்துக் கொட்டறதுக்கு உங்களுக்கு வேற ஒரு டிஸ்க்கு வேணும்."

நான் சக்கரபாணியைப் பார்த்தேன். அண்ணனுக்குப் போன் போடுவார் என்று எதிர்பார்த்தேன். போன் சட்டைப் பையிலேயே இருந்தது.

"எந்த மாடல் நல்லது?" என்று கேட்டார்.

"வீட்டுல கீழ விழ வாய்ப்பிருக்கா?"

"எங்க வீட்டுல எல்லாமே விழும்" என்றார். உண்மைதான். எழில் விழும்போது மேஜையும் சேர்ந்து சாயும்.

"அப்ப வீட்டுக்குச் சுத்தாத மாடல் எடுத்துக்குங்க, அடிபட்டாலும் தாங்கும். இன்னொரு காப்பி தட்டு மாடல்ல போடுங்க. வெலை கம்மி, எடமும் நிறைய. அதை நகர்த்தாம ஒரு எடத்துல வெக்கணும். முக்கியமா, உங்க வீட்டுல வெக்காதீங்க. வேற ஊர்ல சொந்தக்காரங்க இருந்தா அங்க வைங்க. இடி விழுந்தா ரெண்டு வீட்டுலயும் ஒண்ணா விழாது."

"ரெண்டும் குடும்மா" என்றார். வெள்ளிக்கிழமை, உச்சி வேளை.

பெட்டியை விட்டுவிட்டுப் போகச் சொன்னாள். அவர் போகவில்லை. படம் வெளியே வரும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார், நானும் உட்கார்ந்திருந்தேன். மறுநாளும் வந்து உட்கார்ந்தார். திரையில் எதுவும் ஓடவிடாமல் அவள் வேலை செய்தாள். அந்த நாகரிகம் அவளுக்கு இருந்தது.

கிடைத்த படங்களுக்குப் பெயரில்லை, வெறும் எண்கள். வரிசையும் தாறுமாறு. எது எந்த வருடம் என்று பார்த்துப் பிரிக்க வேண்டும். எடுத்தாரே ஒழிய, சக்கரபாணி அவற்றைத் திரும்ப ஒரு நாளும் போட்டுப் பார்த்ததில்லை. தமிழ்செல்வி தன் ஆபீஸ் தோழியிடம் ஒரு லேப்டாப் இரவல் வாங்கி வந்தாள். செவ்வாய்க்கிழமை காலை அவரும் நானும் உட்கார்ந்தோம். முதல் படம் ஓடியது. அவர் திரையைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார்.

"இப்படி இருந்தா வேலை ஆவாது. வயசைச் சொல்லு" என்றேன்.

"தெரியலை சிஸ்டர். எல்லாம் ஒரே மாதிரி இருக்குது."

பின்னாலிருந்து எழிலின் குரல் வந்தது. "அது ஆறாங்கிளாஸ். அந்தப் பச்சை பாவாடையைப் பெரியம்மா எடுத்துக் குடுத்துது."

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தோம். அவள் இதுவரை தன் வலிப்பைப் பார்த்ததே இல்லை. அவர் சட்டென்று லேப்டாப்பை மூடப் போனார்.

"மூடாதப்பா. ஊர்ல எல்லாரும் பார்த்திருக்காங்க. நான் மட்டும்தான் பார்க்கலை."

என்னைப் பார்த்தார். "பார்க்கட்டும், அவ உடம்பு" என்றேன். எழில் நாற்காலியை இழுத்துப் போட்டு நடுவில் உட்கார்ந்தாள்.

அதன் பிறகு வேலை ஓடியது. பல் விழுந்திருந்தால் இரண்டாங்கிளாஸ், முடி வெட்டியிருந்தால் டைபாய்டு வந்த வருடம், தரையில் நீலப் பாய் என்றால் வாடகை வீடு. அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன், அவர் பெயர் மாற்றினார். கொஞ்ச நேரம் கழித்து அவள் சிரித்துவிட்டாள்.

"இன்னாப்பா இது, நான் கோணிக்கிணு கெடக்கேன், நீ வாத்தியார் மாதிரி 'எழில், வலது கையைத் தூக்கு, இது இன்னா கலரு'னு கேக்கற?"

"சிஸ்டர்தான் கேக்கச் சொன்னாங்க."

"நான் பதில் சொல்லிருக்கேனா?"

"ஒரு தடவை 'போப்பா'ன்ன."

"கரெக்டா சொல்லிருக்கேன்."

அவள் எல்லாவற்றுக்கும் சிரிக்கவில்லை. இரண்டு படங்களில் எழுந்து போய்விட்டாள், திரும்பி வந்தாள்.

முதல் வருடப் படங்களில் பெரும்பாலானவை வரவில்லை. டாக்டர்கள் கேட்டது அதைத்தான். வந்தவற்றில் ஒன்றே ஒன்று தேறியது. அதுவும் பாதியில் பச்சைக் கட்டங்களாக உடைந்து நின்றுவிட்டது. நான் அந்த முன்பாதியைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். குழந்தை உட்கார்ந்து இட்லி சாப்பிடுகிறது. இடது கைக் கட்டைவிரல் மட்டும் ஏற்கெனவே துடிக்கிறது, அதைப் பார்த்துத்தான் போனை எடுத்திருக்கிறார். பிறகு இடது வாயோரம் இழுக்கிறது. அதற்குப் பிறகுதான் சாய்கிறது.

"போன வாரமே காப்பி எடுத்திருந்தா மிச்சமும் இருந்திருக்கும்" என்றேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"ஆமாம் சிஸ்டர்" என்றார். அதற்கு மேல் அவரைத் திட்ட என்ன இருக்கிறது?

தட்டு மாடல் டிஸ்க்கை ஊரில் இருக்கிற அண்ணன் வீட்டுக்குக் கொண்டு போய்க் கொடுத்தார். வெள்ளிக்கிழமை வாங்கியது என்று இவரே சொல்லியிருக்கிறார். இராமலிங்கம் கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "கனமாத்தாண்டா இருக்குது" என்று மட்டும் சொல்லி பீரோவில் வைத்துப் பூட்டினாராம்.

சென்னைக்கு நானும் கூடப் போனேன், வழியில் வலிப்பு வந்தால் ஆள் வேண்டும் என்று. டாக்டர்கள் நாலு பேரும் படங்களைப் பார்த்தார்கள். பெரும்பாலானவற்றை வேகமாக ஓட்டிவிட்டார்கள். இட்லிப் படத்தை மட்டும் பல தடவை நிறுத்தி நிறுத்திப் பார்த்துத் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். அவர்களில் மூத்த டாக்டரம்மா, "இதுக்கு மேல இல்லையா?" என்று கேட்டார்.

"இருந்துச்சு மேடம். டிஸ்க்கு போயிடுச்சு" என்றார் சக்கரபாணி.

"இந்த மாதிரி இன்னும் ரெண்டு மூணு இருந்திருந்தா இன்னிக்கே முடிவு சொல்லியிருப்போம். இடது கைல ஆரம்பிக்கறதால வலது பக்க மூளைனு நினைக்கிறோம். உறுதி பண்ண அட்மிட் பண்ணி, வயர் மாட்டி ஒரு வாரம் பார்க்கணும். அதுல தெரிஞ்சா ஆபரேஷன் பேசலாம். அடுத்த மாசம் படுக்கை தரோம். சம்மதமா?" அவர் இதை எழிலைப் பார்த்துத்தான் கேட்டார்.

"அந்த ஒரு வாரமும் வீடியோ எடுப்பீங்களா?" என்றாள் எழில்.

"ராத்திரி பகல் எடுப்போம்."

"அப்ப எங்கப்பாக்கு லீவு" என்றாள். சம்மதம் என்று அந்த அம்மா எழுதிக்கொண்டார்.

வெளியே வந்ததும் ஒரு இளம் டாக்டர், டிஸ்க்கை எங்களிடம் கொடுத்துவிட்டுப் போங்கள், அட்மிஷன் அன்று வாங்கிக்கொள்ளலாம் என்றார். சக்கரபாணி டிஸ்க்கை நீட்டினார், ஆனால் விடவில்லை.

"காப்பி எடுத்துக்குங்க சார். எவ்வளவு நேரமானாலும் இங்கயே நிக்கறேன்."

"இங்க பத்திரமா இருக்குங்க."

"இருக்கட்டும் சார். நான் நிக்கறேன்."

அந்த டாக்டருக்கு அலுத்துப் போய்விட்டது. அவருக்கு வேறு நோயாளிகள் இருந்தார்கள். கடைசியில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு செய்து தருகிறேன் என்றார். சக்கரபாணி அவர் அறைக் கதவுக்கு எதிரில் சுவரோரம் நின்றார். நானும் தமிழ்செல்வியும் எழிலைக் கேன்டீனுக்குக் கூட்டிப் போய்ச் சாப்பிட வைத்து, மாத்திரை கொடுத்து, திரும்பி வந்தபோதும் நின்றுகொண்டிருந்தார். நேரத்தோடு கிளம்பும் திருவண்ணாமலை பஸ் போயே போய்விட்டது. அடுத்ததில் உட்கார இடம் கிடைக்காது என்று எனக்குத் தெரியும். முட்டி வலியோடு பெஞ்சில் உட்கார்ந்து அவரை மனதுக்குள் திட்டினேன். ஆனால் வா போகலாம் என்று கூப்பிடவில்லை.